ஏழாம் நம்பர்

“ரிப்கா அக்கா என் வேலையத் திருடுறாங்க சேர்.”

பிலிமத்தலாவை வெல்டிங் பயிற்சிப் பட்டறையின் அலுவலக அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் போட்டு உடைத்துவிட்டான் கணேஸ்.

போதனாசிரியர் விவேகானந்தன் கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னத்தைத் திருடினவ?”

“நான் வெல்ட் பண்ணுன துண்டுல அவங்க நம்பர அடிக்கிறாங்க. என் நம்பர் பன்னெண்டு. அவங்க அடிச்சது ஏழு. ரெண்டு கண்ணாலயும் பாத்தேன் சேர்.”

அந்தப் பட்டறையில் பெயருக்கு மதிப்பில்லை, நம்பர்தான் ஆள். ஒருவர் வெல்ட் செய்து முடித்ததும் குழுத் தலைவர், இந்தக் குழுவில் ரிப்கா, துண்டைத் தட்டிப் பார்ப்பார். பிறகு அதன் மூலையில் நம்பர் அச்சை வைத்து, சுத்தியலால் ஒரு குத்து. நல்ல துண்டு சுவரோர ராக்கைத் தட்டுக்குப் போகும், கெட்டது கழிவுப் பீப்பாவுக்கு. ஒரு நம்பரில் ஐந்து கழிவு விழுந்தால் இறுதிச் சோதனைக்கு அனுமதி கிடையாது. தலைவருக்கும் இதே சட்டம்தான்.

கணேஸுக்கு முதல் மாதத்திலேயே நாலு விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அந்தப் பெருமை அவன் நடையிலேயே தெரியும்.

நாவலப்பிட்டியில் கடை வேலையை விட்டுவிட்டு வந்தவன். சோதனையில் தேறினால் கண்டியில் பஸ்ஸுக்கு இரும்புக் கூடு, அதான் பொடி, கட்டும் கராஜில் வேலை ரெடி. தேறாவிட்டால் பழையபடி அரிசி மூட்டை தூக்க வேண்டியதுதான்.

“எத்தினை துண்டில குத்தினவ?”

“நான் பாத்தது நாலு.”

“அவவிட்டைக் கேட்டனீரோ?”

“கேட்டேன். ‘நீங்க வேலையப் பாருங்க, நம்பர நான் பாத்துக்கிறேன்’னு சொல்றாங்க. என்ன தைரியம் பாருங்க!”

“சரி. சோதினை முடியட்டும், கதைப்பம்.”

அவ்வளவுதான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.  நியாயமான மனுசன் என்று இவரைப் போய் நம்பினோமே!

பட்டறையில் ரிப்கா காத்திருந்தாள். மடவளைக்காரி, அவனைவிட ஒரு வயதுதான் மூப்பு. பன்னிரண்டு பேர் குழுவில் அவள் ஒருத்திதான் பெண். அவளைத் தலைவியாக்கியபோது சிலருக்கு முகம் கறுத்தது. கணேஸுக்கு அப்போது கறுக்கவில்லை, இப்போது கறுத்தது.

“கைய ஓட்டாதீங்க கணேஸ். ஒரே சீரா வாங்க. முடிவுல கொஞ்சம் நிண்டு எடுங்க.”

“தெரியும்.”

“தெரிஞ்சா செய்ங்க பாப்பம்.”

கோபத்தோடு செய்தான். ஆனால் அவள் சொன்னபடியேதான் செய்தான். இவள் முகத்தில் கரி பூச வேண்டும் என்பதற்காகவே நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்தான்.

சோதனை நாள் வந்தது. கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர் கணேஸின் தகட்டை இடுக்கியில் இறுக்கி வளைத்தார். இன்னும் வளைத்தார். 

தகடு இரண்டாக மடிந்தே போனது. ஒட்டில் மயிரளவு வெடிப்பும் இல்லை.

“ஹரிம ஹொந்தாய்!” என்று சிங்களத்தில் பாராட்டி, பரீட்சகர் அவன் முதுகில் தட்டினார்.

பன்னிரண்டு பேரும் பாஸ். கணேஸ் முதலிடம். பயல்கள் விசிலடித்தார்கள், இரும்பு மேசையை மேளமாக்கினார்கள். எல்லாரையும் விடப் பலமாகக் கைதட்டியவள் ரிப்கா. அதைப் பார்க்கவே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கராஜுக்குப் போறதுக்கு முன்னம், அடுத்த குழுவுக்கு நீர்தான் லீடர்,” என்றார் விவேகானந்தன்.

கணேஸ் நெஞ்சை நிமிர்த்தினான். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

“நான் லீடரானா அடுத்தவன் வேலையில என் நம்பர அடிக்க மாட்டேன் சேர்!”

மேளம் நின்றது. ரிப்கா குனிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“சோதனை முடிஞ்சிருச்சு சேர். இப்ப அந்த நாலு துண்டையும் எடுத்துக் காட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்.”

“நீரே எடும்.”

விறுவிறு என்று ராக்கைக்குப் போனான். ஒவ்வொன்றாகப் புரட்டினான். பன்னிரண்டு. பன்னிரண்டு. இதுவும் பன்னிரண்டு. அவன் செய்த துண்டு எல்லாவற்றிலும் அவன் நம்பர்தான். ஏழு இருந்தவை ரிப்காவே செய்தவை, அவளுடைய கைவேலை அவனுக்குத் தெரியாதா? மேல்தட்டு, கீழ்த்தட்டு, மூலை எல்லாம் பார்த்துவிட்டான்.

“அந்த நாலும் இங்க இல்லையே சேர்?”

“ஓம், அங்கை இராது.” விவேகானந்தன் எழுந்து வந்தார். “‘கணேஸைப் பழக்கினது நான்தானே சேர், அவர் துண்டு பிழையாப் போனா என்ட நம்பர்ல போடுறேன்’ எண்டு என்னட்டைக் கேட்டுப்போட்டுத்தான் அவ குத்தினவ. கழிவுப் பீப்பாக்குள்ள பாரும் தம்பி. இன்னும் ஒண்டு விழுந்திருந்தா, அவவுக்குச் சோதினை இல்லை.”