தாணுலிங்கத்தின் தொண்டை

இலவச ஆஸ்பத்திரி வாசலில் அந்த ஜன்னலை வைக்கச் சொல்லிப் போராடியவரே தாணுலிங்கம்தான். "அவனவன் கண்டதைத் தின்பான், குடிப்பான். ஊர்ப் பணத்தில் வைத்தியமா?" என்று அவர் முழங்கினால் மைக்குக்கே பேதி கண்டுவிடும். அன்றிலிருந்து, நோயை எப்படித் தேடிக்கொண்டோம் என்று ஜன்னலில் உரக்கச் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். சர்க்கரைக்காரர்கள் தின்ற லட்டையும் ஈரல் வீங்கியவர்கள் குடித்த சாராயத்தையும் ஊரறிய ஒப்பிப்பதைக் கேட்க, தினமும் அங்கே நாற்காலி போட்டு உட்காருவார்.

இன்று அவரே ஜன்னல் முன்னால் நிற்கிறார். தொண்டையில் முள். கப்பல் நங்கூரம் அளவாவது இருக்கும். சோற்று உருண்டை விழுங்கியதில் இன்னும் ஆழமாக இறங்கிவிட்டது. கழுத்து பலாப்பழமாக வீங்குகிறது, மூச்சு விசிலடிக்கிறது. ஊரில் வேறு ஆஸ்பத்திரியும் கிடையாது.

"என்னத்தத் தின்னிய அண்ணாச்சி?" என்றாள் ஜன்னலில் இருந்த ஞானசெல்வம்.

சைவ சபைத் தலைவரான தாணுலிங்கம் எச்சில் விழுங்கப் பார்த்து, முடியாமல், "முருங்கைக்காய்" என்று முனகினார்.

"முருங்கைக்காய்க்கு எப்பம்வே முள்ளு மொளச்சுது?" என்றான் வரிசையில் நின்ற ஈரல் வீங்கிய சூசை. "சத்தமாச் சொல்லும். நாங்கல்லாம் சொல்லலியா?"

உள்ளே டாக்டர் டார்ச்சும் இடுக்கியுமாகக் காத்திருந்தார். தாணுலிங்கம் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அந்த வழியாக வந்த மீன்காரி மரியபாக்கியம் கூடையை இறக்கி வைத்தாள். அவருடைய நாற்காலியை இழுத்துப் போட்டு, வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொண்டு, சாவகாசமாக உட்கார்ந்தாள்.