செம்மறியாட்டுச் சாட்சி

அன்றைக்கும் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலைக்கு அழைக்கிற பெரட்டுத் தப்பு பிந்தித்தான் முழங்கியது.

லயத்து வீடுகளின் ஜனம் மொத்தமும் கொட்டாவி விட்டுக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு ஓடியது. அங்கே வேலைக்குப் பேர் பதிகிற கண்டாக்கையா கொதித்துக்கொண்டு நின்றார். தோட்டமே பிந்தி வந்தால் யாரைத்தான் திருப்பி அனுப்புவது? தப்படிக்கிற சோலைமலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, இன்னைக்கு என்ன சாக்கு?"

"பனியில தோல் தொய்ஞ்சு போச்சுங்க ஐயா. தீயில காய்ச்சி எடுக்க நேரமாயிருச்சு."

"தினம் இதே பாட்டுத்தான். உனக்கு இன்னைக்கும் அரைப்பேரு."

அரை நாள் சம்பளம் போச்சு. மனுஷன் வெட்கமில்லாமல் சிரித்தான்.

"தூங்குமூஞ்சி. இவனாலே நாங்களும்ல பேச்சு வாங்குறோம்" என்று கொழுந்துக் கூடையைத் தூக்கியபடி திட்டினாள் அவன் அடுத்த வீட்டு நாகலெட்சுமி.

கண்டாக்கையா அவள் பக்கம் திரும்பினார். "நீ பேசாதே. கை விறைக்குதுன்னு நாடகம் ஆடி முன்னெல்லாம் பிந்தி வந்தவதானே? இனி ஒரு நாள் எல்லாருக்கும் பின்னாலே வந்து பாரு, உன் பேரையே வெட்டிருவேன்."

பேரை வெட்டினால் வேலையும் இல்லை, குடியிருக்கிற ஒற்றை அறைக் காம்பராவும் இல்லை. நாகலெட்சுமி மத்தியானமே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

"விடியக்காலம் விரல் மடங்க மாட்டேங்குதுங்க ஐயா. தீக்குச்சி உரசக்கூட முடியல. வெயில் ஏறினா சரியாப் போயிருது. அதனாலே ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

டிஸ்பென்சர் அலோசியஸ் அவள் விரல் முட்டிகளை அழுத்திப் பார்த்தார்.

"ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவோம். செம்மறியாட்டு ரத்தத்தோட கலந்து பார்ப்பாங்க. திரிஞ்ச பாலாட்டம் கட்டிக்கிட்டா மூட்டுவாதம்னு தோட்டத்துப் பெரிய துரை ஒத்துக்குவாரு."

"எனக்கும் ஆட்டுக்கும் என்னங்க பகை?"

"ஆட்டோட இல்லம்மா, உன்னோடதான் பகை. நோயை விரட்ட வேண்டிய ரத்தம் உன் மூட்டையே கடிக்குது. வேலியே பயிரை மேயுற கதை. அது ஆட்டு ரத்தத்துல கலந்தாத்தான் கண்ணுக்குத் தெரியும்."

"கட்டலேன்னா?"

"வாதம் இருந்தும் சில பேருக்குக் காட்டாது. எதுக்கும் மாரியம்மனை வேண்டிக்க" என்றார், கழுத்தில் சிலுவை தொங்கிய அலோசியஸ்.

பதில் வருகிற வரைக்கும் தப்பு ஒரு நாளாவது நேரத்துக்கு முழங்க வேண்டுமே! ஊஹூம். சோலைமலைக்கு அரைப்பேர் விழுந்துகொண்டே இருந்தது.

ஒருவழியாகப் பதில் வந்தது. ரத்தம் நன்றாகவே கட்டியிருந்தது. துரை படித்துப் பார்த்தார். "நாகலெட்சுமி எட்டு மணிக்கு வந்தாப் போதும். முழுப்பேர் போடுங்க" என்று கண்டாக்கையாவிடம் சொல்லிவிட்டார்.

நோய் இருக்கிறது என்று தெரிந்ததற்கு லயம் முழுக்கக் கற்கண்டு கொடுத்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். சோலைமலையும் ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் விடியற்காலை. எதிரே நிற்கிற ஆள் தெரியாத பனி. தப்பு சரியான நேரத்துக்கு முழங்கியது. கண்டாக்கையா கோட்டுப் பொத்தானைப் போட்டபடி ஓடி வந்தார்.

"என்னய்யா அதிசயம்? இந்தப் பனியில தோல் தொய்யலையா?"

சோலைமலை தலையைச் சொறிந்தான்.

"அது என்னைக்குமே தொய்யலைங்க ஐயா. சுவத்துக்கு அந்தப் பக்கம் நாகலெட்சுமி அக்கா தீக்குச்சி உரசுற சத்தம் கேட்ட பிறகுதான் தப்பைத் தூக்குவேன். இனி எதுக்குங்க காத்திருக்கணும்?"