சிவப்பு எழுத்து பர்கர் கடை

பெங்களூரு மல்லேஸ்வரத்து ஸ்கேன் சென்டரில், கண்ணாடிச் சுவரை ஒட்டிய நாற்காலியில் நிருபமா தன் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு முறை படித்துவிட்டாள். பதினோரு மணி வெயில் அவள் பாதத்தின் மேல் விழுகிறது, சூடு உறைக்கவில்லை. ஒலிபெருக்கி டோக்கன் எண்களைக் கன்னடத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆபீஸிலிருந்து நேரே வந்த தம்பி வெங்கி, பக்கத்தில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் காலடியில் வைக்கிறான். "இங்கதான்டா அந்த பர்கர் கடை இருந்தது," என்கிறாள் அவள். "சிவப்பு எழுத்துல போர்டு. ஊரெல்லாம் கிளை வெச்சிருந்தான், ஒரே வருஷத்துல எல்லாத்தையும் மூடிட்டான்." வெங்கி சுற்றிப் பார்க்கிறான். "ஆமா, என் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் அன்னிக்கு அப்பா கூட்டிண்டு வந்தார். பன்னுக்குள்ள பீட்ரூட் கட்லெட்." "பீட்ரூட் இல்ல, உருளைக்கிழங்கு. அப்பா பர்கர் சாப்பிட ஸ்பூன் கேட்டார்."

வெங்கி சிரிக்கிறான். தானும் சிரிக்க வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிகிறது, உதடு அசையவில்லை. எள் ஒட்டிய பன், புளித்த சாஸ், பச்சையாக நறுக்கிய வெங்காயம் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. ருசி மட்டும் வரவில்லை. "அக்கா, ரிப்போர்ட்ல என்ன போட்டிருக்கு?" "கல்லீரலுக்கும் பரவிடுத்தாம்," என்கிறாள், குரல் மாறாமல். "அன்னிக்கு நீ ரெண்டு சாப்பிட்டே." சிரிப்பு கலையாத முகத்தோடு வெங்கி அவள் கையைப் பிடிக்கிறான். அவன் விரல்கள் இறுகுவதை, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.