மாயாவுக்கு ஒரு நாற்காலி

ஆற்றங்கரைக் காபிக்கடையில் டேனியல் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “உட்காருங்க மாயா. நீங்க நிற்கும்போது நான் எப்படி உட்காருறது?” என்றார், ஆங்கிலத்தில்.

இரண்டு மாதமாகத் தினமும் மூன்று மணிக்கு இதையேதான் சொல்கிறார். தினமும் அவளுக்கு நெஞ்சு நிறைந்து போகிறது.

“வேலை கேட்கும்போது கடைசியா என்ன சொல்லணும்?” என்று கேட்டார்.

“ஐ லேர்ன் ஃபாஸ்ட், ஐ ஸ்மைல் ஃபாஸ்டர்!” இருவரும் சேர்ந்து கட்டிய வாக்கியம் அது.

டேனியல் வாய்விட்டுச் சிரித்தார். “நானா இருந்தா இப்பவே வேலை கொடுத்துடுவேன்.”

யாரோ தோளை உலுக்கினார்கள். “கண்ணு, நூத்திநாலாம் ரூம் காலியாயிருச்சு. அதைக் கழட்டிட்டு வா” என்றாள் கூட வேலை பார்க்கும் வீராயி.

கண்ணை மூடியிருந்த வி.ஆர். கண்ணாடியைக் கழற்றினால் ஏற்காடு லாட்ஜின் துணி அறை. உட்கார்ந்திருந்தது அழுக்குப் போர்வை மூட்டைமேல். கூச்சமில்லாமல் இங்கிலீஷ் பேசிப் பழகட்டும் என்று முதலாளி வாங்கிய இரண்டு கண்ணாடிகளில் ஒன்று ஆபீசில் இருந்தது, இன்னொன்றை இங்கே ஊழியர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, முகம் கிடையாது, குரல்கூடக் கிடையாது. வெள்ளக்கடை கிராமத்திலிருந்து வந்து அறை கூட்டும் இளவரசி அங்கே மாயா. மரியாதை கிடைக்க முகத்தை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது, என்ன பிழைப்போ!

ரிசப்ஷன் பிரியா கல்யாணமாகிப் போய்விட்டதால் அந்த இடம் காலி. மறுநாள் காலை இளவரசி ஈர மாப்பைக் கதவோரம் சாய்த்துவிட்டு, மேனேஜர் சின்னராஜ் முன்னால் போய் நின்றாள். பதினோரு வருடமாக அந்த அறை நாற்காலிகளைத் துடைத்திருக்கிறாளே தவிர, ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை.

“ரிசப்ஷன் வேலையை எனக்குக் குடுங்க சார். இங்கிலீஷ் நல்லாப் பேசுவனுங்க.”

“நீயா? எங்கே, பேசு பாக்கலாம்.” சின்னராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பேசினாள். நாக்கு குழறவில்லை. கடைசியாக, “ஐ லேர்ன் ஃபாஸ்ட்...” என்றாள்.

“...ஐ ஸ்மைல் ஃபாஸ்டர்” என்று முடித்தது அவர் வாய். முகம் வெளிறியது. “மாயா?”

டேனியல்! இளவரசிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இனி என்ன பயம்? எதிரே இருந்த நாற்காலியை அவளே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சின்னராஜ் கதவோரத்து மாப்பைப் பார்த்தார். வராந்தாவில் யாராவது கவனிக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

“மொதல்ல எந்திரி.”