கோவிந்தராஜின் நடை

டேனியலோடு நான் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது.

போசரியில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில் எனக்கு வைத்த பிரிவுபசார விழாவில், எல்லார் முன்னாலும் என் நடையை நடந்து காட்டினான். இடது காலை ஓரமாக வீசி, தோளைச் சாய்த்து. சிரிக்காத ஆளில்லை. என் மனைவி சாவித்ரியும் சிரித்தாள்.

அவனுக்கு மூளையில் அடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியிருப்பதை அவள்தான் சொன்னாள்.

"போய்ப் பார்த்துட்டு வாங்க. மனுஷன் பிழைச்சதே பெரிசு."

"போறேன். ஆனா முதல்ல அவன்தான் பேசணும்."

போனேன். அவன் மருமகள் ஸ்டெல்லாவுக்கு என்னைத் தெரியாது. டேனியலைக் கைபிடித்து அழைத்து வந்து எனக்கு எதிரே உட்கார வைத்தாள்.

"மாமா, உங்களைப் பார்க்க வந்திருக்காங்க."

நான் அசையாமல் இருந்தேன். டேனியல் என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"யாரும்மா?" என்றான்.

இருபது வருஷம் பக்கத்து மெஷினில் நின்றவன்.

ஸ்டெல்லா அவன் முகத்துக்கு முன்னால் டீ கிளாஸை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுக் கொடுத்தாள். வயசானவரிடம் என்ன விளையாட்டு? மொத்தக் குடும்பமும் கேலிக் குடும்பம். எழுந்து வாசலைப் பார்த்து நடந்தேன்.

மூன்றாவது அடி வைத்திருப்பேன்.

"அரே, கோவிந்தா." டேனியல்தான்.

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அங்கிள், இவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. கண்ணு பார்த்ததைப் புரிஞ்சுக்கிற இடம் தலைக்குப் பின்பக்கம் இருக்காம். அங்கதான் பாதிப்பு. சும்மா இருக்கிற பொருள் தெரியாது. அசைஞ்சா மட்டும் மிச்சமிருக்கிற செல்லெல்லாம் முழிச்சுக்குமாம். அதான் கிளாஸை ஆட்டுறேன். பெத்த பிள்ளையைக்கூடக் குரலை வெச்சுத்தான் கண்டுபிடிக்கிறார். இவர் கண்ணால பார்த்துப் பேர் சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"தினமும் கம்பெனி கேட்டுலேர்ந்து மெஷின் வரைக்கும் இவன் பின்னாலயே நடந்தவன் நான். மறக்குமா?" டேனியல் சிரித்தான். "இன்னொரு தடவை நடடா."

நடந்தேன். ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பினேன். மறுபடி போனேன். தோளைக் கொஞ்சம் கூடுதலாகவே சாய்த்தேன். ஸ்டெல்லா கைதட்டினாள்.

டேனியல் சிரிப்பை நிறுத்திவிட்டு என் காலையே கவனித்தான்.

"இடது கால் முன்னைவிட இழுக்குதே. டாக்டர்கிட்ட காட்டினியா, இல்ல அவரோடயும் பேச்சை நிறுத்திட்டியா?"