என் சொந்த விசில்

கால்பந்து மைதானத்தில் இப்போது முடிவெடுப்பதெல்லாம் கேமராக்கள்தான். அவை காதில் சொல்வதைக் கேட்டு விசில் அடிக்கும் நடுவர் நான். கேமராவைத் திட்டினால் ரசிகர்களுக்கு மனம் ஆறுவதில்லை என்பதால் ஒரு மனிதனை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்கு என் முகம் மிகப் பொருத்தம் என்று தேர்வுக் குழுவே சொன்னது.

"எவனோ எடுக்குற முடிவுக்கு நீ ஏன்யா திட்டு வாங்குற?" என்பாள் என் மனைவி ஸ்டெல்லா.

"உங்கிட்ட வாங்கிப் பழகினதுதான்" என்பேன்.

வியாசர்பாடியில் இறுதிப் போட்டி. உள்ளூர் அணியின் வீரன் ஒருவன் பந்தோடு கோலை நோக்கிப் பாய்ந்தான். எல்லோருடைய கண்ணும் அவன்மேல். நான் வழக்கம்போல் தொப்பையோடு பின்தங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். அதனால்தான், அதே அணியின் திலீபன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் சரிந்தது கண்ணில் பட்டது.

"ஆட்டம் தொடரட்டும்" என்றது காதில் கேமரா.

நான் விசில் அடித்தேன். அடுத்த நொடி பந்து வலைக்குள் விழுந்தது. அந்தக் கோல் செல்லாமல் போனது.

"கண்ணு அவிஞ்சு போச்சாடா, கஸ்மாலம்!"

பறந்துவந்த செருப்புகளுக்கு நடுவே டாக்டரை இழுத்துக்கொண்டு ஓடினேன். திலீபன் பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நன்றி சொல்வான், அடக்கமாகத் தலையாட்ட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். என்னைக் கண்டதும் அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"அது கோலுதானே சார்? உன்னை யாரு விசில் அடிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல தம்பி. நானாத்தான் அடிச்சேன்."

அவன் திட்ட ஆரம்பித்தான். முடிவு என்னுடையது என்று தெரிந்தே விழுந்த, எனக்கே எனக்கென்று கிடைத்த முதல் திட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.