ரமாகாந்த் காட்டிய பச்சை

“வாசல் கேமரா பதிவைக் கொடுங்க சார்.”

எதற்காகவும் கேட்கக் கூடாது என்று இந்தக் கட்டடக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த அன்றே எனக்குச் சொல்லப்பட்ட பதிவு அது. மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“நேத்துக் காலையில சுதாம் ஜாக்கெட் வாசல்ல பச்சை காட்டிச்சு. நல்ல உடம்போட இருந்தவன் நாலாவது மாடியிலேருந்து விழுந்தா, அது அவன் கவனக்குறைவு. ஆஸ்பத்திரிச் செலவு நமக்கில்லம்மா.”

“அவனுக்குக் காய்ச்சல் சார். காய்ச்சல்காரனை மேலே ஏத்துனது நாம.”

உடம்புச் சூட்டை அளக்கும் அந்த ஜாக்கெட் வாசலில் சிவப்பு காட்டினால் அன்றைக்குக் கூலி கிடையாது. அதனால் சுதாமின் மச்சான் ரமாகாந்த் தன் ஜாக்கெட்டைப் போட்டு ஒரு தடவையும் சுதாமின் ஜாக்கெட்டைப் போட்டு ஒரு தடவையும் வாசலைக் கடந்தான். பாதுகாப்பு அலுவலராக அங்கே நின்றவள் நான்தான். “என்னடா, இரட்டைப் பிறவியா?” என்று சிரித்துக்கொண்டே விட்டேன். சித்தாள் பெற்ற பட்டதாரிக்கு இரக்கமாம், இரக்கம்!

“அந்தப் பதிவுல நீ சிரிக்கறதும் இருக்கு. உன்மேலதான் கேஸ் வரும்.”

“தெரியும் சார். பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தொழிலாளர் ஆபீஸ்ல காலையிலேயே கொடுத்துட்டேன்.”

அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். சுதாம் கண் விழித்ததும், தெரிந்தே விட்டதை அவனிடமும் நானே சொல்ல வேண்டும்.